கடை நிறையத் துணி, கல்லாவில் எவ்வளவு?

(மேனிலை வகுப்பு வணிகவியல் ஆசிரியை)

மாணவிகளே,

ஒவ்வோர் ஆண்டும் விகிதப் பகுப்பாய்வு என்னும் பாடம் தொடங்கியதும் வகுப்பில் ஒரே மகிழ்ச்சி. நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுக்க வேண்டும், விடை இரண்டுக்கு ஒன்று என வந்தால் நிறுவனம் நலமாக உள்ளது, முழு மதிப்பெண். பத்து நிமிடத்தில் சூத்திரம் மனப்பாடமாகிவிடுகிறது. "சரி, அந்த நிறுவனம் அடுத்த மாதம் ஏழாம் தேதி கூலி கொடுக்குமா?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கலைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பெற்றோரும் படித்தல் நலம். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எத்தனையோ தொழில்கள் இருக்கத் துணித் தொழிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழங்காநத்தத்திலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் தையல் எந்திரம் இல்லாத தெரு ஏது? விளக்குத்தூண் பக்கம் உள்ள மொத்தக் கடைகளிலிருந்து வெட்டிய துணியை மூட்டையாக வாங்கிவந்து, உள்பாவாடையும் நைட்டியும் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் நம் பள்ளியிலேயே பலர். என் அன்னையும் அவ்வாறு தைத்தவரே.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் அவர் ஒரு மொத்த வியாபாரிக்குத் தைத்துக் கொடுத்துவந்தார். முதலில் சனிக்கிழமைதோறும் கூலி வந்தது. பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றாயிற்று. பிறகு, "அடுத்த வாரம் மொத்தமா வாங்கிக்கிடும்மா" என்றாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் எச்சரித்தபோது அன்னை சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது: "கடையில போய்ப் பாரு, மச்சு வரைக்கும் துணி அடுக்கியிருக்கு. அவ்வளவு சரக்கு வச்சிருக்கவரு நம்ம கூலிக்கா ஓடிருவாரு?" அந்த ஆண்டு ஐப்பசியில், தீபாவளி முடிந்த பத்தாம் நாள் கடை பூட்டப்பட்டது. மச்சு வரை அடுக்கிய துணி உள்ளேயே இருந்தது. நான்கு மாதக் கூலி வரவில்லை. அந்த ஆண்டு எனக்குச் சீருடை புதிதாகத் தைக்கவில்லை.

அன்னை செய்த பிழை கணக்கியல் பிழை. சொத்து வேறு, பணமாக மாறக்கூடிய சொத்து வேறு. மாடக்குளம் கண்மாயில் நீர் நிறைந்திருக்கலாம். மடை திறக்காவிட்டால் கடைமடை வயலுக்கு என்ன பயன்? உரிய நாளில் உரிய கடனைத் தீர்க்கும் வண்ணம் சொத்துகள் பணமாக மாறும் தன்மையையே நீர்மைத்தன்மை என்கிறோம். இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கும் அது இல்லாமற் போகலாம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் நான் பாடத்துக்காக அமைத்தவை. ஆயத்த ஆடை தைத்து விற்கும் ஒரு நிறுவனத்தின் மார்ச் 31ஆம் தேதி ஐந்தொகையில், ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்துகளும் ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களும் இவ்வாறு உள்ளன எனக் கொள்வோம். எல்லாம் இலட்ச ரூபாயில்.

ரொக்கமும் வங்கி இருப்பும் 6, கடனாளிகள் 24, சரக்கிருப்பு 60, முன்கூட்டிச் செலுத்திய செலவுகள் 2. ஆக, நடப்புச் சொத்துகள் 92.

கடனீந்தோர் 28, வங்கி மேல்வரைப்பற்று 12, கொடுபட வேண்டிய கூலியும் வாடகையும் 4, வரி 2. ஆக, நடப்புப் பொறுப்புகள் 46.

92ஐ 46ஆல் வகுத்தால் சரியாக 2. பாடநூல் சொல்லும் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. தேர்வில் "நிறுவனத்தின் குறுகிய கால நிதிநிலை திருப்திகரமாக உள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள்.

போகாதீர்கள். விரைவு விகிதத்தையும் போடுங்கள். சரக்கிருப்பையும் முன்கூட்டிச் செலுத்திய செலவையும் நீக்கினால் எஞ்சுவது 30. அதை 46ஆல் வகுத்தால் 0.65. ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அரைக்குச் சற்று மேல். ரொக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 6ஐ 46ஆல் வகுக்க 0.13. அதாவது ஒரு ரூபாய்க் கடனுக்குக் கையில் பதின்மூன்று காசு. மூன்று விகிதங்களும் ஒரே நாளில், ஒரே ஐந்தொகையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனால் மூன்றும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. முதல் இரண்டுக்குமிடையே நிற்பது பெரும்பாலும் சரக்கிருப்புதான்.

ஆகவே அந்த 60 இலட்சச் சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்க வேண்டும். துணித் தொழிலில் இதுவே முதன்மையான வேலை. அரிசி மண்டியில் பழைய அரிசிக்கு விலை கூடும். பழைய மாதிரிச் சுடிதாருக்கு யார் விலை கூட்டிக் கொடுப்பார்? நம் நிறுவனத்தின் சரக்கில் தைக்காத துணி 18, பாதி தைத்தவை 9, வரும் பருவத்துக்குத் தயாரான ஆடைகள் 15, முந்திய இரண்டு தீபாவளிகளில் விற்காமல் தங்கியவை 18 என வைத்துக்கொள்வோம். சரக்கிருப்பை அடக்கவிலை, விற்றுக் கிடைக்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்தீர்கள். தங்கிய ஆடைகளை ஆடித் தள்ளுபடியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத்தான் விற்க முடியுமென்றால் அந்த 18ஐ 6 என்றே எழுத வேண்டும். கடனாளிகள் 24இலும் ஆறு மாதம் கடந்த பாக்கி 8 உண்டு, அது வருவது ஐயம் என்றால், 16 மட்டுமே மிஞ்சும். இப்போது நடப்புச் சொத்துகள் 72. நடப்பு விகிதம் 1.57. விரைவு விகிதம் 0.48. ஒரு ரூபாய்க் கடனுக்கு அரை ரூபாய்கூட விரைவில் வராது. முதலில் "திருப்திகரம்" என்று எழுதிய அதே நிறுவனம்தான் இது.

பாதி தைத்த சரக்கையும் குறைவாக எண்ண வேண்டாம். 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆறு மாசுபடுவது தொடர்பான வழக்கில், திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பனியன் தொழிற்சாலைகளில் சாயம் ஏற்றாத துணி குவிந்து கிடந்தது. ஏட்டில் அது நடப்புச் சொத்தே. ஆனால் சாயம் ஏற்றாமல் தைக்க இயலாது. தைக்காமல் ஏற்றுமதி செய்ய இயலாது. ஏற்றுமதி செய்யாமல் பணம் வராது. ஆற்றைக் காக்கும் அந்த ஆணை வேண்டியதே என்பது என் கருத்து. நான் இங்கே சுட்டுவது, நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் "ஓராண்டுக்குள் பணமாகும்" என்ற கூற்றுக்கே பொருள் இல்லாமற் போகும் என்பதை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேற்படி நிறுவனத்தார் மார்ச் 30ஆம் தேதி கையிலிருந்த 6 இலட்சத்தில் 5 இலட்சத்தை எடுத்துக் கடனீந்தோருக்குக் கொடுத்துவிட்டார்கள் எனக் கொள்ளுங்கள். சொத்து 92இலிருந்து 87 ஆகிறது. பொறுப்பு 46இலிருந்து 41 ஆகிறது. நடப்பு விகிதம் 2இலிருந்து 2.12ஆக உயர்கிறது! கல்லாவிலோ ஓர் இலட்சம்தான். கொடுபட வேண்டிய கூலியும் வாடகையும் 4 இலட்சம். நடப்பு விகிதம் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது இரு பக்கமும் ஒரே தொகையைக் கழித்தால் விகிதம் கூடும் என்பது வெறும் கணிதம். ஆனால் விரைவு விகிதம் 0.65இலிருந்து 0.61ஆக இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வங்கியில் கடன் கேட்கப்போகும் சிலர் ஆண்டிறுதியில் இப்படி முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொள்வதுண்டு. எனவே ஒரு நாள் ஐந்தொகையை மட்டும் நம்புதல் கூடாது.

துணிக்கடைக்கு மார்ச் 31 என்பது ஒரு தனிப்பட்ட நாளும் அல்ல. பொங்கல் விற்பனை முடிந்து, சித்திரைத் திருவிழாவுக்கும் பள்ளிச் சீருடைக்கும் சரக்கு ஏற்றும் நேரம் அது. செப்டம்பர் 30இல் பார்த்தால் தீபாவளிச் சரக்கால் கிட்டங்கி நிறைந்து, கடனீந்தோர் தொகையும் பெருகியிருக்கும். தீபாவளிக்கு மறுவாரம் பார்த்தால் கல்லா நிறைந்திருக்கும். ஒரே கடை மூன்று நாளில் மூன்று முகம் காட்டும். அன்னையின் வியாபாரி தீபாவளி முடிந்து பூட்டியதும் இதனால்தான்: அதன் பிறகு பொங்கல் வரை பணம் வரும் வழி அவருக்கு இல்லை, கடன் கேட்டு வருவோர் மட்டும் உண்டு.

பின் எதை நம்புவது? நாட்களை எண்ணுங்கள். நம் நிறுவனம் ஓராண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலை 180 இலட்சம் என்றால், 60 இலட்சச் சரக்கு ஆண்டுக்கு மூன்று முறை சுழல்கிறது. ஒரு சட்டைத் துணி உள்ளே வந்து விற்றுப்போக 122 நாள். கடன் விற்பனை 146 இலட்சம் என்றால் கடனாளிகளிடமிருந்து பணம் வர 60 நாள். கடன் கொள்முதல் 140 இலட்சம் என்றால் நாம் கடனீந்தோருக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்வது 73 நாள். 122ஐயும் 60ஐயும் கூட்டி 73ஐக் கழித்தால் 109. இந்த 109 நாளும் நிறுவனம் யார் பணத்தில் மூச்சு விடுகிறது? ஓரளவு முதலாளியின் பணத்தில், ஓரளவு வங்கியின் பணத்தில். இரண்டும் போதாதபோது, தைத்துக் கொடுத்தவரின் கூலியில். சனிக்கிழமைக் கூலி பதினைந்து நாளாகி, பிறகு "அடுத்த வாரம்" ஆனபோது, எங்கள் வீடு அந்த வியாபாரிக்கு வட்டியில்லா வங்கியாக மாறிக்கொண்டிருந்தது. ஐந்தொகை கிடைக்காத இடத்தில் தாய்மார் கவனிக்கக்கூடிய விகிதம் இதுவே: கூலி வரும் நாள் தள்ளிக்கொண்டே போகிறதா?

இரண்டுக்கு ஒன்று என்ற இலக்கணத்துக்கு வருகிறேன். இது நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க வங்கியாளர்கள் கைப்பழக்கமாகக் கொண்ட அளவுகோல், வேதவாக்கன்று. நம் நாட்டில் 1974இல் ரிசர்வ் வங்கி பிரகாஷ் டாண்டன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வங்கிப் பணத்தைப் பெரிய ஆலைகள் சரக்காக முடக்கி வைப்பதைத் தடுப்பதே நோக்கம். அக்குழு 1975இல் அளித்த அறிக்கையின் இரண்டாம் முறைப்படி, நடப்புச் சொத்துகளில் கால் பங்கையாவது நிறுவனம் தன் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும். அப்படிச் செய்தால் நூறு ரூபாய்ச் சொத்துக்கு எழுபத்தைந்து ரூபாய்க்கு மேல் நடப்புக் கடன் இராது. நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. அதனால்தான் வங்கி மேலாளர்கள் 1.33 என்ற எண்ணைக் கேட்கிறார்கள். நம் கணக்கிலுள்ள நிறுவனம் 1.57 என்று வங்கித் தேர்வில் தேறிவிடும். விரைவு விகிதத்தில் தோற்கும்.

ஒன்றுக்குக் கீழே இருந்தும் நன்றாக நடக்கும் கடைகளும் உண்டு. ரொக்கத்துக்கு விற்று, கடனுக்கு வாங்கும் சில்லறைத் துணிக்கடைக்குக் கடனாளிகளே இல்லை; சரக்கு விரைவில் விற்றால், ஆலைக்குப் பணம் கொடுக்கும் நாளுக்கு முன்பே கல்லாவில் பணம் வந்துவிடும். ஸ்பெயின் நாட்டில் 1975இல் முதல் ஸாரா கடையைத் திறந்தவர்களின் இன்டிடெக்ஸ் நிறுவனம் இந்த வழியில்தான் உலகெங்கும் வளர்ந்தது. அவர்கள் சிறிதளவே தைத்து, விற்பதைப் பார்த்து மீண்டும் தைப்பார்கள். சரக்கு தங்குவதில்லை. விகிதத்தைவிட விற்கும் வேகமே அங்கு உயிர்.

நேர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. 1906இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கண்ட டபிள்யூ. டி. கிராண்ட் நிறுவனம் 1975 அக்டோபரில் திவாலுக்கு மனுச் செய்தது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்வரை ஏட்டில் இலாபம் இருந்தது. பங்குச் சந்தையிலும் மதிப்பு இருந்தது. ஆனால் வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடன் கொடுத்துக் கொடுத்துக் கடனாளிகள் தொகையும், புதுப்புதுக் கடை திறந்து சரக்கும் பெருகின. வியாபாரத்திலிருந்து ரொக்கம் மட்டும் வரவில்லை. கடனாளிகளும் சரக்கும் பெருகினால் நடப்பு விகிதத்தின் மேல்பாதி பெருக்கும் அல்லவா? பின்னாளில் கணக்கியல் அறிஞர்கள் ரொக்க ஓட்ட அறிக்கையின் அருமைக்கு இதையே சான்று காட்டினார்கள்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒரு நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். ஹார்வி சகோதரர்கள் மதுரை இரயில் நிலையத்துக்கு அருகே தொடங்கிய நூற்பாலை, ஊரார் வாயில் என்றும் "ஹார்வி மில்"தான். 1974இல் அது ஜே. அண்டு பி. கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. நூல் செய்தவர்கள் 1988இல் ஆயத்த ஆடைக்கென மதுரா கார்மெண்ட்ஸ் என்ற பிரிவைத் தொடங்கினார்கள். லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சாலி என்ற சட்டைப் பெயர்கள் அதன் வழி வந்தவை. 1999இல் அதை ஆதித்ய பிர்லா குழுமத்தின் இந்தியன் ரேயான் வாங்கியது. பின்னர் அது ஆதித்ய பிர்லா பேஷன் அண்டு ரீடெயில் நிறுவனத்தின் பகுதியாயிற்று. 2025இல் அந்தச் சட்டைப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது துணிக்கடைகள் எல்லாம் ஒரே நாளில் மூடின. மதுரையில் அவ்வாண்டு மீனாட்சி திருக்கல்யாணம் மக்கள் இன்றி நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. திருவிழாவுக்கும் ரம்சானுக்கும் வாங்கிய சரக்கு அலமாரியிலேயே கிடந்தது. விற்பனை நின்றாலும் வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்பதில்லை. மேற்சொன்ன பெருநிறுவனம் அந்நிலையில் என்ன செய்தது? 2020 ஜூலையில் தன் பங்குதாரர்களிடமே உரிமைப் பங்கு வெளியிட்டு 995 கோடி ரூபாய் திரட்டியது. அக்டோபரில் பிளிப்கார்ட் நிறுவனம் 7.8 விழுக்காடு பங்குக்கு 1,500 கோடி ரூபாய் தர முன்வந்தது. நடப்புக் கடனைத் தீர்க்க மீண்டும் நடப்புக் கடன் வாங்காமல், திருப்பித் தர வேண்டாத முதலைக் கொண்டுவந்தார்கள். நம் பாடத்தின்படி கீழ்ப்பாதியைக் கூட்டாமல் மேல்பாதியைக் கூட்டினார்கள். விளக்குத்தூண் சிறுகடைக்காரருக்கு இந்த வழி இல்லை. நகையை அடகு வைத்தார்.

இத்தகைய நிறுவனங்களின் ஐந்தொகையைப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள், கடைகளுக்கான குத்தகைப் பொறுப்பையும் ஐந்தொகையில் காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரம் மாறியது. அடுத்த ஓராண்டுக்கான குத்தகைத் தொகை நடப்புப் பொறுப்பில் சேரும். அதற்கு எதிரான உரிமைச் சொத்தோ நீண்டகாலச் சொத்தில் போய் உட்காரும். எனவே நூற்றுக்கணக்கான வாடகைக் கடை நடத்தும் ஆடை நிறுவனத்தின் நடப்பு விகிதம், வியாபாரம் மாறாமலே அந்த ஆண்டில் குறைந்து தோன்றும். பழைய ஆண்டோடு ஒப்பிட்டு "சரிந்துவிட்டது" என்று எழுதுவது தவறு.

விகிதங்களைத் தேடி அலையவும் வேண்டாம். 2021 ஏப்ரல் முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் நடப்பு விகிதம் உள்ளிட்ட பதினொரு விகிதங்களை ஆண்டறிக்கையிலேயே அச்சிட வேண்டும். ஓர் ஆண்டில் கால் பங்குக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைப் படியுங்கள். எண்ணைவிட அதுவே பல வேளைகளில் சுவையானது. விரைவு விகிதம் அப்பட்டியலில் இல்லை. அதை நீங்களே போட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கோ வேலையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது; ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. தையல் எந்திரம் நான்கு வைத்து நடத்துபவரும் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். என் அன்னை காலத்தில் இது இல்லை. இருந்திருந்தாலும் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிய அவரால் எதைக் காட்டியிருக்க முடியும்? நம் மாணவிகள் வீட்டில் செய்யத்தக்க முதல் கணக்குப்பதிவு இதுவே: எத்தனை உருப்படி, எந்தத் தேதி, என்ன கூலி, யார் கையெழுத்து.

இறுதியாக வீட்டுப்பாடம். ஒரு துணிக்கடையின் செப்டம்பர் 30ஆம் தேதி நிலை இது, இலட்சத்தில்: ரொக்கம் 9, கடனாளிகள் 3, சரக்கிருப்பு 78, கடனீந்தோர் 50, வங்கிக் கடன் 10, தீபாவளிச் சீட்டில் வாடிக்கையாளர் கட்டிய பணம் 15. நடப்பு விகிதமும் விரைவு விகிதமும் காண்க. சீட்டுப் பணத்தைக் கடை பணமாகத் திருப்பித் தருவதில்லை, துணியாகத் தருகிறது. அந்தத் துணியின் அடக்கவிலை 12 இலட்சம் என்றால், சீட்டுக் கணக்கைத் தீர்த்தபின் இரு விகிதங்களும் என்னவாகும்? உங்கள் வீட்டில் யாரேனும் அத்தகைய சீட்டுக் கட்டுகிறார்களா என்று கேட்டு, விடையை அவர்களுக்கும் காட்டிவிட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.